ஏ.சி. வலையைக் கழுவினீர்களா?



முன்பெல்லாம் ஏ.சி. என்றால் டவுன் சினிமாக் கொட்டகையில்தான். இப்போது கிராமத்து வீடுகளிலும் வந்துவிட்டது. கைக்குழந்தை வெக்கையில் வாடக்கூடாதே என்று தவணையிலாவது வாங்கி மாட்டுகிறோம். நல்லதுதான். மாட்டிய பிறகு அதன் மூடியை ஒரு தடவையாவது திறந்து பார்த்தீர்களா?

சுவரில் இருக்கும் பெட்டியின் முன்மூடியைத் தூக்கினால், கொசுவலை மாதிரி பிளாஸ்டிக் வலை தெரியும். அதுதான் ஃபில்டர். வீட்டு ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அறைக்குள் உள்ள காற்றையே இழுத்து, குளிரவைத்து, திருப்பி விடுகிறது. போகிற வழியில் தூசி, பஞ்சு, தலைமுடி எல்லாம் வலையில் சிக்கும். வலை அடைத்துக்கொண்டால் காற்று வராது, கரண்டு பில் ஏறும். உள்ளே ஐஸ் கட்டி, சுவரோரம் தண்ணீர் சொட்டும். "மிஷின் கெட்டுப்போச்சு" என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். அவர் வந்து வலையைக் கழுவிவிட்டுக் காசு வாங்கிப் போவார்! ஈரமும் அழுக்கும் சேர்ந்த இடத்தில் பூஞ்சையும் பிடிக்கும். இழுப்பு உள்ள குழந்தைக்கு அந்தக் காற்று ஆகவே ஆகாது.

ஏ.சி. ஓடும் மாதங்களில் 15 நாளுக்கு ஒரு முறை கழுவுங்கள். களத்தில் நெல் தூற்றும் சமயத்திலும், மண்ரோட்டோர வீடுகளிலும் வாரம் ஒரு முறை. மெயின் சுவிட்சை அணைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வலையை மெல்ல உருவி, குழந்தை இல்லாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். தூசி படிந்த பக்கத்தைக் கீழே திருப்பி, மறுபக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர் விட்டால் அழுக்கு தானே கழன்று விழும். பிசுக்கு இருந்தால் கொஞ்சம் சோப்பு போடலாம். வெந்நீரும் வெயிலும் வேண்டாம், வலை வளைந்துவிடும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கிழிந்திருந்தால் புதிது வாங்க வேண்டும். வலையில்லாமல் ஓட்டவே கூடாது.

இந்த வேலையைக் கணவர் செய்யட்டும். "அவ பாத்துக்குவா" என்று விட்டு, கர்ப்பிணியை ஸ்டூல் மேல் ஏற்றாதீர்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்த வலை புகையைத் தடுக்காது. மூடிய அறையில் கொசுவர்த்தி கொளுத்தினாலும், பீடி பிடித்தாலும், அந்தப் புகை சுற்றிச் சுற்றிக் குழந்தையின் நெஞ்சுக்குள்தான் போகும். கொசுவுக்கு வலை கட்டுங்கள். காலையில் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

குழந்தைக்கு இருமலோ இழுப்போ கண்டால், அது அழாமல் இருக்கும் நேரம் பார்த்து, சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் ஆகாத குழந்தைக்கு 60, அதற்கு மேல் 1 வயது வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. எண்ணிக்கை இந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.