கணையத்தில் ஒரு ஹாட் ஆக்ஸில்

நம் மலரில் இதுவரை ரயில் கதைகள்தாம் எழுதியிருக்கிறேன். இம்முறை மருத்துவம். டிப்ளமோ படித்த மெக்கானிக்கல்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், காரணம் என் அண்ணன்.

2018 தை மாதம் தங்கை மகள் திருமணத்துக்காக நாக்பூரிலிருந்து திருச்சிக்குப் போயிருந்தோம். அண்ணனுக்கு முந்தைய ஆண்டுதான், 62 வயதில், சர்க்கரை வந்திருந்தது. எட்டுக் கிலோ இளைத்திருந்தார். "என்ன அண்ணே, மாப்பிள்ளையைவிட நீங்க இளமையா இருக்கீங்க" என்று பந்தியில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னவன் நான்தான். காலையில் நடக்கிறார், அரிசியைக் குறைத்துவிட்டார், அதனால் இளைத்தார் என்றே நினைத்தோம். ராத்திரியில் முதுகு வலிக்கிறது, முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால் தேவலை என்றார். ரயிலில் மேல் பெர்த்தில் படுத்து வந்ததால் என்று சமாதானம் சொன்னோம். ஆடியில் கண் மஞ்சளித்தது. கணையப் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். புரியாத இடங்களை டாக்டர் நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கணையம், இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டி மறைந்திருக்கும், ஒரு சாணுக்கும் குறைவான உறுப்பு. இன்சுலின் சுரப்பது அதுதான் என்று நமக்குத் தெரியும். ஆனால் அதன் பெரும்பகுதி செய்யும் வேலை, சாப்பாட்டைக் கரைக்கும் நொதிகளைத் தயாரிப்பது. மாமிசத்தையே கரைக்கும் சரக்கு கணையத்தைக் கரைத்துவிடாதா? அதனால்தான் அவற்றில் முக்கியமானவை திரி கொளுத்தாத வெடியாக அனுப்பப்படுகின்றன, பற்றவைப்பது சிறுகுடலில். பித்தக்கல் வழியை அடைத்தாலோ, பல ஆண்டுகள் மது உள்ளே போனாலோ, சரக்கு கிடங்கிலேயே பற்றிக்கொள்ளும். அதுதான் கணைய அழற்சி. நாள்பட்ட அழற்சிக்குப் புகைபிடித்தலும் ஒரு காரணம்.

கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் எங்களுக்கு முதல் பாடம் ஹாட் ஆக்ஸில். வண்டி உள்ளே நுழையும்போதே பக்கவாட்டில் நின்று கவனித்து, நின்றதும் ஆக்ஸில் பாக்ஸின் சூட்டைக் கையால் பார்ப்போம். சூடு ஒரு செய்தி. அதை மதிக்காவிட்டால் ஆக்ஸில் முறியும். அழற்சியும் செய்திதான், ஆனால் பழுதுபார்க்கும் ஆட்களையும் அது கூடவே அழைத்து வருகிறது. ஆட்கள் வேலை முடிந்தும் போகாமல் வருடக்கணக்கில் தங்கிவிட்டால்தான் சங்கடம்.

அழற்சி வந்தவுடன், நொதி தயாரிக்கும் உயிரணு தன் தொழிலை நிறுத்திவிட்டு, கணையக் குழாயின் சுவரில் உள்ள உயிரணுவைப்போல் மாறிக்கொள்கிறது. ஷெட்டுக்குள் வெள்ளம் வந்தால் ஃபிட்டரும் வெல்டரும் மணல் மூட்டை சுமப்பதில்லையா, அப்படி. வெள்ளம் வடிந்ததும் ஃபிட்டர் லேத்துக்குத் திரும்புவார், உயிரணுவும் திரும்பும். அதைத் திரும்பவிடாமல் தடுப்பது 'கே-ராஸ்' என்ற மரபணுவில் விழும் பிழை. "வளர்" என்று கட்டளையிடும் சுவிட்ச் அது. பழைய கை சிக்னலில் கம்பி அறுந்தால் கை தானாகவே அபாய நிலைக்குப் போய்விடும். எங்கள் முன்னோர்களின் புத்தி அது. இந்தச் சுவிட்ச் பழுதானால் "போ, போ" என்றே நிற்கிறது. ரயில்வேயில் இதற்கு ராங் சைட் ஃபெயிலியர் என்று பெயர். கேட்டாலே வயிறு கலங்கும். கணையப் புற்றுநோய்க் கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் இந்தப் பிழை இருக்கிறது.

ஆனால் பிழை மட்டும் போதாது. வளர்ந்த எலிகளின் நொதி உயிரணுக்களில் இந்தப் பிழையை உண்டாக்கிய ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், கூடவே நாள்பட்ட அழற்சியையும் உண்டாக்கியபோதுதான் புற்றுநோய் வந்ததாக 2007-இல் எழுதினார்கள்.

இனி ஸ்கிராப் விஷயம். ஒவ்வொரு உயிரணுவும் தன்னுள் பழுதான பாகங்களைப் பையில் கட்டி, உடைத்து, உருக்கி, மறுபடி பயன்படுத்துகிறது. 1963-இல் கிறிஸ்டியன் டி டூவ் இதற்கு ஆட்டோபேஜி, அதாவது தன்னைத்தானே தின்னுதல், என்று பெயரிட்டார். ஈஸ்ட்டில் இதன் சூட்சுமத்தைக் கண்டறிந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாளெல்லாம் புரதம் தயாரிக்கும் கணையத்தில் கழிவு அதிகம். எலியின் கணையத்தில் இந்த வேலையை நிறுத்திவிட்டால் மதுவோ கல்லோ இல்லாமலே அழற்சி வந்துவிடுகிறது. குப்பை அள்ளாத யார்டில் தீப்பிடிப்பதுபோல்தான்.

அப்படியானால் ஆட்டோபேஜி நல்லது என்று முடித்துவிடலாமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கட்டி வளர்ந்தபின், ரத்த ஓட்டம் குறைவான அந்த இடத்தில், புற்று உயிரணு பிழைப்பதே இந்த ஸ்கிராப்பைத் தின்றுதான். 2013-இல் வந்த எலி ஆய்வில், ஆட்டோபேஜியை நிறுத்தியபோது ஆரம்பப் புள்ளிகள் நிறையத் தோன்றின. ஆனால் அவை முழுப் புற்றாக வளரவில்லை. பி-53 என்ற காவல்கார மரபணுவையும் நீக்கியபோது நேர்மாறாகப் புற்று வேகம் பிடித்தது. மலேரியா மாத்திரையின் உறவான ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆட்டோபேஜியைத் தடுக்கும் என்பதால், பரவிய நோயில் அதைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய பலன் இல்லை. தொடக்கத்தில் காவலன், பிறகு எதிரிக்குச் சமையல்காரன். எந்தக் கட்டத்தில் கட்சி மாறுகிறான் என்பதில்தான் இன்று ஆராய்ச்சி.

நம் ஊர்ப் பக்கத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. கேரளத்திலும் தமிழகத்திலும் மது தொடாத இளைஞர்களுக்கே கணையத்தில் கல் உண்டாகும் ஒருவகை நாள்பட்ட அழற்சி இருக்கிறது. அவர்களைத் தொடர்ந்து கவனித்த சென்னை ஆய்வு 1994-இல் வெளிவந்தது. கணையப் புற்றுநோய் ஆபத்து அவர்களுக்குப் பல மடங்கு அதிகம் என்று கண்டார்கள்.

என்னைத் தூங்கவிடாத கணக்கு ஒன்று உண்டு. 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கட்டிகளின் மரபணுவைப் பின்னோக்கிப் படித்து, முதல் பிழையிலிருந்து முதல் புற்று உயிரணுவுக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல், அது பரவும் திறன் பெற மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல், பிறகு முடிவுக்குச் சராசரி இரண்டு ஆண்டு என்று மதிப்பிட்டார்கள். அண்ணனுக்குக் கூட்டிப் பார்த்தால் 2001-க்குப் போகிறது. அப்போது அவர் மகன் ஆறாம் வகுப்பு. அன்றைக்கே இந்தக் கணையத்தில் வேலை தொடங்கிவிட்டது, வெளியே ஒரு சூடும் தெரியாமல்.

ஆகவே எல்லோரும் ஓடிப்போய் ஸ்கேன் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆரோக்கியமானவர்களுக்கு அது பரிந்துரைக்கப்படுவதும் இல்லை. ஐம்பது வயதுக்குமேல் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில், மூன்று ஆண்டுகளுக்குள் இந்த நோய் தெரியவருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் புதுச் சர்க்கரையோடு காரணமில்லாத இளைப்பு, முதுகுவரை போகும் வயிற்று வலி என்று சேர்ந்து வந்தால் டாக்டரிடம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். அண்ணன் சர்க்கரையை ஒருவரிடமும் முதுகு வலியை வேறொருவரிடமும் காட்டினார். இளைத்ததை யாரிடமும் காட்டவில்லை. அதற்குத்தான் நாங்கள் பாராட்டிக்கொண்டிருந்தோமே.

சென்ற ஆண்டு எனக்கும் சர்க்கரை வந்தது. அண்ணன் விஷயத்தைச் சொன்னேன். ஸ்கேன் எழுதினார்கள், ஒன்றுமில்லை. ஞாயிறுதோறும் எடையை டைரியில் குறிக்கிறேன்.

அண்ணன் மகன் கேட்டான், "சித்தப்பா, எனக்கும் வருமா?" நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கு வந்திருந்தால் ஆபத்து ஏறக்குறைய இருமடங்கு, சிகரெட்டும் தன் பங்குக்கு அதே அளவு கூட்டும், முதலாவதை மாற்ற முடியாது என்றேன். போன தீபாவளியிலிருந்து தொடவில்லை என்கிறான். மருமகளிடமும் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.