நட்சத்திரத்தை எண்ணியது யார்?

போன வியாழக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா கையில் ஒரு தாளோடு வந்தார். இங்கே நியூ ஜெர்சியில் எட்டு வருஷப் பழக்கம். அவருடைய மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்திருந்தது.

"திங்கக்கிழமை டிஸ்சார்ஜ்னு சொல்லிட்டாங்க தம்பி. நேரா வீட்டுக்குக் கூட்டிட்டு வரமுடியாது, நர்சிங் ஹோம்ல இருந்து நடக்கப் பழகணுமாம். பதினோரு இடம் எழுதிக் கொடுத்திருக்காங்க. எதுல அஞ்சு ஸ்டார் இருக்கோ அதுல சேர்த்துடலாம்ல?"

டீயை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அன்று அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் பெற்றோரை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது ஒருநாள் தேவைப்படலாம். தேவைப்படும்போது கையில் இருப்பது இரண்டு நாளோ மூன்று நாளோதான்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் பத்திருபது படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அப்படியில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில வாரம் தேறிப் போகிறவர்களும், இனி தனியாக வாழ முடியாது என்று ஆண்டுக்கணக்கில் தங்குகிறவர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பராமரிப்பு இல்லம் அது. இந்த இல்லங்களுக்கு 2008-ஆம் ஆண்டு முதல் ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறது மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். அதைப் பார்க்கும் இணையதளத்தின் பெயர் கேர் கம்பேர். காசு கிடையாது, ஊர்ப் பெயரைப் போட்டால் சுற்றுவட்டார இல்லங்கள் எல்லாம் வந்துவிடும்.

மேலே கொட்டை எழுத்தில் தெரிவது மொத்த நட்சத்திரம். பெரும்பாலானவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குக் கீழே மூன்று தனித்தனி நட்சத்திர வரிசைகள் உண்டு: சோதனை, ஊழியர், பராமரிப்புத் தரம். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். இதை எண்ணியது யார்?

சோதனையை எண்ணுவது வெளியாள். மாநில அரசின் சோதனைக் குழு முன்னறிவிப்பில்லாமல் வரும். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் 15 மாதத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்பது விதி. மருந்து கொடுப்பதைப் பார்ப்பார்கள், சமையலறைக்குள் போவார்கள், படுக்கையில் இருப்பவர்களிடம் பேசுவார்கள். கண்ட ஒவ்வொரு குறைக்கும் ஏ முதல் எல் வரை ஓர் எழுத்துப் போடுவார்கள். ஜி, எச், ஐ என்றால் யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே தீங்கு நேர்ந்திருக்கிறது. ஜே, கே, எல் மூன்றும் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்து. அந்த அறிக்கை முழுவதையும் நாம் படிக்கலாம். யாரிடமும் கேட்காமலே எடுத்துப் பார்க்கும்படி இல்லத்திலும் வைத்திருக்க வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். இந்த நட்சத்திரம் மாநிலத்துக்குள் போடும் ரேங்க். மேல் 10 சதவீதத்துக்கு ஐந்து, கீழ் 20 சதவீதத்துக்கு ஒன்று, நடுவில் உள்ளவர்களுக்கு மற்றவை. வகுப்பே சுமாராக எழுதினாலும் முதல் ரேங்க் ஒருவருக்குக் கிடைத்துவிடும் அல்லவா, அப்படி. நியூ ஜெர்சியின் நாலையும் பென்சில்வேனியாவின் நாலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

ஊழியர் கணக்கை எடுப்பது சம்பளப் பட்டியல். முன்பெல்லாம் சோதனை நடக்கும் சமயத்தில் இல்லமே எழுதிக் கொடுத்த எண்ணிக்கையை வைத்து நட்சத்திரம் போட்டார்கள். 2018 முதல் நாள்வாரியான சம்பளப் பதிவே ஆதாரம். ஒரு முதியவருக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஆள் கிடைக்கிறது, அதில் ரெஜிஸ்டர்டு நர்ஸ் எவ்வளவு நேரம், சனி ஞாயிறில் எவ்வளவு, ஓராண்டில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், எல்லாம் இருக்கும்.

சனி ஞாயிறு எண்ணை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். என் மாமனாரை ஒரு ஐந்து நட்சத்திர இல்லத்தில்தான் சேர்த்தோம். நான் பார்த்தது மேலே இருந்த அந்த ஒற்றை எண்ணை மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது அவர் அறைக் கதவுக்கு மேலே மணி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாத்ரூம் போக உதவி கேட்டு அழுத்தியிருக்கிறார். அந்த வரிசையில் இன்னும் நாலு கதவுகளின் மேல் விளக்கு. மொத்தத்துக்கும் ஒரே ஒரு பெண், ஓடிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. "பரவாயில்லைப்பா, அவளும் என்ன பண்ணுவா" என்று மாமனார் போர்வையை இழுத்து மூடிக்கொண்டதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

மூன்றாவது, பராமரிப்புத் தரம். கீழே விழுந்து பலத்த அடி பட்டவர்கள் எத்தனை பேர், படுக்கைப் புண் எத்தனை பேருக்கு, மனநோய் மாத்திரை எத்தனை பேருக்குக் கொடுக்கிறார்கள் என்பவை இதில் வரும். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் போன்ற சில கணக்குகளை மெடிகேர் தன்னிடம் வந்த பில்களிலிருந்து எடுக்கிறது. மற்றவற்றில் பெரும்பகுதி அந்த இல்லமே எழுதிக் கொடுப்பது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்பத்திரி பில்களையும் இல்லங்கள் எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விழுந்து பலத்த அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்களில் 57.5 சதவீதத்தைத்தான் இல்லங்கள் பதிவு செய்திருந்தன. தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துகிறவர் போடும் மார்க்கை எந்த அளவுக்கு நம்புவோமோ, இதையும் அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

இந்த மூன்றும் சேர்ந்து மொத்த நட்சத்திரம் ஆவது எப்படி? சோதனையில் எத்தனையோ, அதுதான் தொடக்கம். ஊழியருக்கு ஐந்து இருந்தால் ஒன்று கூட்டுவார்கள்; ஒன்றே இருந்தால் ஒன்று கழிப்பார்கள். தரத்துக்கும் அப்படியே.

அக்காவுக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். முதல் இல்லம்: சோதனை 2, ஊழியர் 2, தரம் 5. தரத்துக்காக ஒன்று கூடி மொத்தம் 3. இரண்டாவது இல்லம்: சோதனை 3, ஊழியர் 4, தரம் 3. கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை, மொத்தம் 3.

"ரெண்டும் ஒண்ணுதானே தம்பி?"

"மேலே ஒண்ணுதான்க்கா. ஆனா முதல் வீடு மூணுக்கு வந்தது அவங்களே எழுதின மார்க்கால. ரெண்டாவது வீட்டுக்கு அந்த மூணைக் கொடுத்தது வெளியாள்."

அக்கா தாளைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, பதினோரு பெயருக்கும் நேராகச் சோதனை, ஊழியர் இரண்டை மட்டும் எழுத ஆரம்பித்தார். ஒரு பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டத்துக்குள் கை போல ஓர் அடையாளம் இருந்தது. முதியவர்களைத் துன்புறுத்திய குற்றம் பதிவான இல்லத்துக்கு 2019 முதல் அதைப் போடுகிறார்கள். அந்தப் பெயரை நாங்கள் அடித்துவிட்டோம். கடைசியில் மூன்று பெயர் மிஞ்சின. மூன்றின் சோதனை அறிக்கைகளையும் உட்கார்ந்து படித்தோம். அதற்குள் இரண்டாவது டீயும் ஆறிப்போயிருந்தது.

நட்சத்திரத்துக்குள் வராதவையும் உண்டு. அங்கே தங்கியிருப்பவர்களுக்குத் திருப்தியா என்ற கேள்வி அந்தக் கணக்கிலேயே கிடையாது. மாமியாருக்குத் தயிர்சாதம் கிடைக்குமா, தமிழ் தவிர ஒன்றும் தெரியாதவர் வலி என்று எப்படிச் சொல்வார் என்பதையெல்லாம் நேரில்தான் கேட்க வேண்டும். இல்லத்தோடு தகராறு வந்தால் முதியவர் பக்கம் நின்று பேச ஒவ்வொரு மாநிலத்திலும் ஆம்பட்ஸ்மன் என்றொரு அலுவலகம் இருக்கிறது. சேர்ப்பதற்கு முன்பே அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

"சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கக்கா, சொல்லாமப் போங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை இரவு போன் வந்தது. இரண்டு இல்லங்களுக்குப் போயிருக்கிறார். இரண்டாவதில் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிர் அறைக்கு மேலே விளக்கு எரிந்திருக்கிறது.

"வாட்சைப் பார்த்துக்கிட்டே இருந்தேன் தம்பி. நாலு நிமிஷத்துல ஒரு பொண்ணு வந்துடுச்சு. உள்ள இருந்த பாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு. அங்கேயே சேர்த்துடலாம்னு இருக்கேன்."

மேலே அந்த இல்லத்துக்கு மூன்று நட்சத்திரம்தான். நான்காவது எண்ணிக்கையை அக்காவே எடுத்திருந்தார்.