1 மைக்ரோமோலாரும் 50 மைக்ரோமோலாரும்

சென்னை வானகரத்து மருந்துக்கடையில் டாக்டர் சீட்டைக் காட்டி வாங்கும் ஃப்ளுவாக்செடின் காப்ஸ்யூல் ஒன்றில் இருப்பது 20 மில்லிகிராம். மனச்சோர்வுக்கான இந்த மருந்து புற்றுநோய் செல்களைக் கொல்கிறது என்று யாராவது சொன்னால் அது பொய்யில்லை. எந்த அளவில் என்பதைத்தான் சொல்லாமல் விடுகிறார்கள்.

இந்தச் சாவுக்குக் காரணமாகச் சொல்லப்படுவது கால்சியம்; முதலில் அதன் கணக்கு. செல்லுக்கு வெளியே லிட்டருக்குச் சுமார் 1.2 மில்லிமோல் கால்சியம் அயனி, உள்ளே 0.0001 மில்லிமோல். 12,000 மடங்கு வித்தியாசம். இதைக் காக்க செல்லின் பம்புகள் ஓயாமல் ஆற்றலைச் செலவிடுகின்றன. காவல் தளர்ந்து உள்ளே கால்சியம் அளவுமீறி நிறைந்தால் மைட்டோகாண்ட்ரியா சிதைந்து செல் சாகும். ஃபியூரா-2 என்ற ஒளிரும் சாயம் 1985-இல் வந்தபின், இந்த ஏற்றத்தை நொடிக்கு நொடி அளக்க முடிந்தது.

தைவானின் காவ்சியுங் நகர ஆய்வாளர்கள் பல மனச்சோர்வு மருந்துகளை வாய், புராஸ்டேட், எலும்புப் புற்றுநோய் செல்களில் இப்படிச் சோதித்தார்கள். செல்லுக்குள் இருக்கும் சேமிப்பிலிருந்தும் வெளியிலிருந்தும் கால்சியம் பெருகியது. அளவு கூடியபோது செல்கள் செத்தன. ஆனால் சில சோதனைகளில், பெருகிய கால்சியத்தை வேதிப்பொருளால் கட்டிப்போட்ட பிறகும் சாவு நிற்கவில்லை. ஆகவே கால்சியம்தான் கொன்றது என்று எல்லா இடத்திலும் எழுத முடியாது.

இனி மருந்தளவு. தினம் 40 மில்லிகிராம் வீதம் 30 நாள் ஃப்ளுவாக்செடின் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 91 முதல் 302 நானோகிராம் வரை இருந்தது. மூலக்கூறு எடை 309. மேல் வரம்பே சுமார் 1 மைக்ரோமோலார், அதாவது லிட்டருக்கு 0.001 மில்லிமோல்தான். அதிலும் 94.5 சதவீதம் ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத் தட்டில் ஊற்றுவதோ பெரும்பாலும் பத்துக்கணக்கான மைக்ரோமோலார். 50 மைக்ரோமோலார் என்று வைத்தால், நேர்விகிதக் கணக்கில் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம்: 100 காப்ஸ்யூல், பத்து அட்டை. உடல் நேர்விகிதத்தில் நடப்பதில்லை; ஆனாலும் அனுமதிக்கப்பட்ட உச்சம் 80 மில்லிகிராம் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூளைக்கு மட்டும் கணக்கு வேறு. ரத்தத்தைவிட 10 முதல் 20 மடங்குவரை அங்கே இம்மருந்து தேங்குகிறது. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோயின் செல்களில் கால்சியம் வழியே சாவைத் தூண்டுவதாக 2015-இல் வந்த ஆய்வு அதனால்தான் கவனிக்கத்தக்கது. அதுவும் செல்களிலும் எலிகளிலும் கண்டதே.

நோயாளிக்கு இன்று பயன்படும் கணக்கு இன்னொன்று. வானகரத்திலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் பேருந்து ஏறும் பெண் மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் சாப்பிடுபவராக இருக்கலாம். அதைச் செயல்படும் மருந்தாக மாற்றுவது கல்லீரலின் சிஒய்பி2டி6 என்ற நொதி. மனச்சோர்வு மருந்துகளான பராக்செடினும் ஃப்ளுவாக்செடினும் அந்த நொதியைப் பலமாகத் தடுக்கும். கனடாவின் ஒன்டாரியோவில் 2,430 பெண்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான கணக்குப்படி, டமாக்சிஃபென் எடுத்த காலத்தில் 25, 50, 75 சதவீதம் பராக்செடினும் சேர்ந்தபோது மார்பகப் புற்றுநோய் மரண வாய்ப்பு முறையே 24, 54, 91 சதவீதம் கூடியது. 2016-இல் 16,887 பேரை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வில் மார்பகப் புற்றுநோய் மீண்டும் வரும் வாய்ப்பு கூடியதாகத் தெரியவில்லை. வழக்கு முடியவில்லை, ஆனால் நொதியை அதிகம் தொடாத வென்லாஃபாக்சின் போன்ற மாற்று இருக்கும்போது ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை.

எனவே புற்றுநோய் மருத்துவரிடம் மனநல மருந்துச் சீட்டையும், மனநல மருத்துவரிடம் புற்றுநோய்ச் சீட்டையும் தவறாமல் காட்டுங்கள். எதையும் நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.