பத்து என்ற பெயரில் பதினெட்டு

பெயர்களை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் இருவகையாக வகுத்துக் காட்டினர் நம் இலக்கண நூலார். காரணப் பெயராகப் பிறந்து, காரணம் கழன்றபின் வெறும் இடுகுறியாய் நின்றுவிட்ட பெயர்களுக்கு உதாரணம் தேடும் மாணவர், அமெரிக்கச் சர்வகலாசாலைகளின் உதைபந்தாட்ட உலகை ஒருமுறை நோக்கலாம். ‘பெரிய பத்து’ என்னும் கூட்டணியில் 2024 முதல் பதினெட்டுச் சர்வகலாசாலைகள் உள. ‘பெரிய பன்னிரண்டி’ல் பதினாறு. ‘அத்திலாந்திக் கரை’க் கூட்டணியிலோ பசிபிக் கரையை அடுத்த ஸ்டான்போர்ட்டும் பேர்க்லியும் அங்கம் வகிக்கின்றன!

இங்கு நான் குறிப்பது, காலால் உதைத்து ஆடும் நம் ஆட்டத்தை அன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி முட்டிமோதி முன்னேறும் அமெரிக்க ஆட்டத்தை. 1869இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு அயற் கல்லூரிகள் ஆடியதையே அதன் முதற் கல்லூரிப் போட்டியாகக் கொள்வர். அயலாரோடு ஆடுவதே அன்றைய வழக்கம். அவ்வாறு அண்மையிலுள்ள கல்லூரிகள் பொது விதிகளுக்குட்பட்டு ஆண்டுதோறும் தம்முள் ஆடுவதற்கு அமைத்துக்கொண்டவையே இக்கூட்டணிகள். பெரிய பத்து 1896இலும், பசிபிக் கரைக் கூட்டணி 1915இலும் தோன்றின.

ஆசிரியத் தொழிலில் நேரசூசி வகுக்கும் பொறுப்பு என் தலையிற் பன்முறை விழுந்ததுண்டு. ஆதலின் ஆட்டத்தைக் காட்டிலும் அதன் அட்டவணையே என்னை ஈர்க்கின்றது. ஒரு பருவத்தில் ஓரணி கூட்டணிக்குள் ஆடுவன எட்டு அல்லது ஒன்பது போட்டிகளே. பத்து அணிகளாயின், ஒன்பது போட்டிகளில் எல்லாரையும் சந்தித்துவிடலாம். பன்னிரண்டாயின் என் செய்வது? தென்கிழக்குக் கூட்டணி 1992இல் இதற்கு வழி கண்டது. கிழக்கு, மேற்கு என இரு பிரிவுகள்; பிரிவுக்கு ஆறு அணிகள். தன் பிரிவின் ஐந்து அணிகளோடும் மறு பிரிவின் மூன்று அணிகளோடும் ஆட்டம். ஈற்றில், இரு பிரிவுகளின் முதல்வர்களுக்கிடையே ஒரு மகுடப் போட்டி. கணக்கும் சரி, காசும் சரி! பிறரும் பின்பற்றினர்.

காசு புகுந்த வாயில் வேறு. எவருடைய ஆட்டம் எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமே முன்னர் கட்டுப்படுத்தி வந்தது. 1984இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையால், அக்கட்டுப்பாடு சட்டத்துக்கு முரணானதெனத் தீர்த்தது. மாறுபட்டு எழுதிய நீதியரசர் பைரன் வைற், இளமையிற் கொலராடோ சர்வகலாசாலையின் புகழ்பூத்த உதைபந்தாட்ட வீரர். கல்வியோடு இணைந்த விளையாட்டை வெறும் வணிகமாகக் கொண்டுவிட்டனர் என்பது அவர் வாதத்தின் சாரம். பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்குமிடத்து என் மனம் அவர் பக்கமே சாய்கின்றது. 2023இல் கூட்டணி மாறத் தீர்மானித்தோருள் அவருடைய கொலராடோவும் ஒன்று என்பது வேறு கதை.

பசிபிக் கூட்டணியின் வீழ்ச்சி விரைந்து நடந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இரு பெருஞ் சர்வகலாசாலைகளும் 2022 ஜூனில் பெரிய பத்துக்குச் செல்வதாக அறிவித்தன. அடுத்த ஆண்டிற்குள் மேலும் எட்டு விலகத் தீர்மானித்தன. 2024 ஒக்டோபரில் லொஸ் ஏஞ்சல்ஸ் அணியொன்று, கண்டத்தின் மறு கரையிலுள்ள ரட்கர்ஸுக்குப் பறந்து ஆடியது. இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் வேறுபாடு மூன்று மணி. உதைபந்தாட்டமாவது தன் செலவைத் தானே ஈட்டும் என்போம். கரப்பந்தும் மென்பந்தும் ஆடும் மாணவியரும் அத்தூரம் பறக்கவேண்டியவராயினரே. அவர்களுடைய விரிவுரைகள் யாருக்காகக் காத்திருக்கும்?

அணிகள் பெருகவே பிரிவுகளும் கைவிடப்பட்டன. பெரிய பத்தில் இன்று ஓரணிக்கு எதிரணிகள் பதினேழு, ஆட்டங்கள் ஒன்பது. 2024இல் இந்தியானாவும் பென் ஸ்டேட்டும் எட்டு வெற்றி, ஒரு தோல்வி எனச் சமமாய் நின்றன. இரண்டையும் வீழ்த்தியது ஒரே ஒஹாயோ ஸ்டேட். இவையோ தம்முள் மோதவேயில்லை. எதிரணிகள் பெற்ற வெற்றிகளின் விகிதத்தைக் கணக்கிட்டே பென் ஸ்டேட் மகுடப் போட்டிக்கு அனுப்பப்பட்டது. மைதானத்தில் முடியவேண்டியதை எண்கணிதம் முடித்தது!

ஒக்லஹோமா மாநிலத்தின் இரு சர்வகலாசாலைகள் 1910 முதல் ஆண்டு தவறாது மோதி வந்தன. ஒன்று தென்கிழக்குக்குப் போயிற்று. 2023 நவம்பரோடு அத்தொடர் அறுந்தது.

பசிபிக் கூட்டணியில் எஞ்சியவை ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்னும் இரண்டே. பிற கல்லூரிகளைச் சேர்த்து 2026இற் கூட்டணியை மீளமைக்க அவை ஏற்பாடு செய்தன. அதுவரை அட்டவணையை நிரப்ப அங்குமிங்கும் எதிரணி தேடவேண்டியிருந்தது. 2025 நவம்பரில், ஒரே மாதத்துள், அவ்விரண்டும் தமக்குள்ளேயே இருமுறை மோதின; முதலிற் கோர்வாலிஸில், பின்னர் புல்மனில்.