ஒரு பஸ், இரண்டு கவுன்ட்டர்: ஜாவாவில் 'டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்' எதற்கு?

விழுப்புரத்தில் கிளம்பி திண்டிவனம் வழியாகச் சென்னை போகும் ஒரு பஸ். இரண்டு ஊரிலும் முன்பதிவு கவுன்ட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கொரு சீட் சார்ட் வைத்திருந்தால் என்ன ஆகும்? 12-ம் நம்பர் சீட்டை இருவருமே விற்பார்கள். திண்டிவனத்தில் ஏறுபவர், "சார், இது என் சீட்டு" என்பார். அப்புறம் கண்டக்டர் பாடு திண்டாட்டம்தான்.

ஜாவா புரோகிராமிலும் இதே கதைதான். இரண்டு கவுன்ட்டர் கிளாஸ்களும் தனித்தனியாக 'நியூ' போட்டு சீட் சர்வீஸை உருவாக்கினால், மெமரியில் இரண்டு சார்ட். அதற்குப் பதில், வெளியே ஒரே ஒரு சர்வீஸை உருவாக்கி, கன்ஸ்ட்ரக்டர் வழியாக இரண்டு கிளாஸுக்கும் கொடுத்துவிடுவதுதான் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன். இந்தப் பெயரைப் பரவலாக்கியது, மார்ட்டின் ஃபவுலர் 2004-ல் எழுதிய கட்டுரை. மெயின் மெத்தடிலேயே நாலு வரியில் வேலையை முடிக்கலாம். ஸ்பிரிங் இருந்தே ஆகணும் என்றில்லை.

ஸ்பிரிங்கில் எதுவும் சொல்லாவிட்டால் 'சிங்கிள்டன்'தான்; எல்லோருக்கும் ஒரே ஆப்ஜெக்ட். கூகுளின் ஜூஸ் அப்படியல்ல. சிங்கிள்டன் என்று குறிப்பிடாவிட்டால், கேட்கும்போதெல்லாம் புதுசு கொடுக்கும்.

பகிரும் சர்வீஸுக்குள் பயணியின் பெயரை ஃபீல்டில் வைப்பது ஆபத்து. இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் வந்தால், ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் பெயர் ஏறிவிடும். இன்னொன்று, 'ஒரே ஆப்ஜெக்ட்' என்பதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமுக்குள் மட்டும்தான். விழுப்புரத்துக்கு ஒரு சர்வர், திண்டிவனத்துக்கு ஒரு சர்வர் என்று ஓட்டினால் மறுபடியும் இரண்டு சார்ட். அப்போது சீட் கணக்கை டேட்டாபேஸில் வைத்து, பஸ், தேதி, சீட் நம்பர் மூன்றுக்கும் சேர்த்து 'யூனிக்' கட்டுப்பாடு போட்டாக வேண்டும்.