கீழே ஒரு புறா, மேலே ஒரு புறா

தறிகளில் மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையைப் பார்த்திருக்கிறீர்களா? நீள நூலான பாவு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடை வேறு நிறம். அதனால்தான் சேலையைத் திருப்பத் திருப்ப நிறம் மாறுகிறது.

அப்படி நிறம் மாற்றிக் காட்டும் இறக்கை ஒரு காட்டுப் புறாவுக்கும் உண்டு. அதுதான் தமிழ்நாட்டின் மாநிலப் பறவையான மரகதப் புறா. அதன் இறகில் இரண்டு நிற நூல் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அமைப்புகள் உண்டு. அவற்றில் வெயில் பட்டுத் திரும்பும்போது பச்சை மின்னும். நிழலுக்குள் போனால் மங்கிவிடும்.

பச்சை நிறத்தில் இன்னொரு புறாவும் இருக்கிறது. மஞ்சள்கால் பச்சைப்புறா. இது மகாராஷ்டிரத்தின் மாநிலப் பறவை. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

அலகையும் காலையும் பாருங்கள். அலகு பவளச் சிவப்பாக இருந்தால் மரகதப் புறா. கால் மஞ்சளாக இருந்தால் பச்சைப்புறா. மரகதப் புறா சுமார் 25 செ.மீ. நீளம், பச்சைப்புறா சற்றுப் பெரியது.

இருக்கும் இடமும் வேறு. மரகதப் புறா மேற்குத் தொடர்ச்சி மலை போன்ற காடுகளில், மர நிழலில் தரையில் நடந்தே இரை தேடும். உதிர்ந்த பழம், விதை இவைதான் சாப்பாடு. பெரும்பாலும் தனியாகவோ ஜோடியாகவோ திரியும். ஆள் அரவம் கேட்டால் மரங்களுக்கிடையே தாழ்வாக விர்ரென்று பறந்துவிடும்.

பச்சைப்புறாவோ தரைக்கு வருவதே அபூர்வம். ஆல், அரசு, அத்தி மரங்களின் உச்சியில் கூட்டமாக உட்கார்ந்து பழம் தின்னும். இலையோடு இலையாக மறைந்திருப்பதால், பழம் உதிர்வதை வைத்துத்தான் பல நேரம் கண்டுபிடிக்க வேண்டும். குரலும் வேறு: மரகதப் புறா தாழ்ந்த குரலில் முனகும், பச்சைப்புறா இனிமையாகச் சீட்டியடிக்கும்.

ஒன்றுக்குத் தரை, மற்றதற்கு மர உச்சி. அதனால் இரண்டுக்கும் சாப்பாட்டுச் சண்டை குறைவு.

ஒற்றுமையும் உண்டு. இரண்டுமே குச்சிகளை அடுக்கி எளிய கூடு கட்டி, வழக்கமாக இரண்டு முட்டை இடும். குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் தங்கள் தீனிப்பையில் சுரக்கும் 'புறாப் பாலை' ஊட்டும்.

பச்சைப்புறா காட்டில் மட்டுமல்ல, சமவெளி மரங்களுக்கும் வரும். ஆலமரம் பழுத்திருக்கும் நாளில், காலை வேளையில் அண்ணாந்து பாருங்கள். சத்தம் போடாதீர்கள், கல் எறியாதீர்கள். பழைய ஆலும் அரசும் வெட்டுப்படாமல் இருந்தால்தான் பச்சைப்புறாவுக்குச் சாப்பாடு கிடைக்கும்.