பல்லாங்குழியும் சொங்காக்கும்

மலேசியாவில் 1989ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட பத்து சென் நாணயத்தில் குழிப்பலகை ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் கடைத்தெருக்களில் அதனைக் கையில் வாங்கும் தமிழர், பல்லாங்குழி என்று கருதக்கூடும். அது மலாய் மக்களின் சொங்காக். இரண்டும் ஓரினத்தனவே, ஆயினும் ஒன்றல்ல.

இரண்டிலும் பக்கத்திற்கு ஏழு குழிகள் உள. பதினான்கு குழி என்பதே மருவிப் பல்லாங்குழி ஆயிற்று என்பர். சொங்காக்கிலோ இரு முனைகளிலும் பெருங்குழிகள் உண்டு. அவற்றின் பெயர் 'ரூமா'. வீடு என்பது பொருள். ஆடுபவர் தம் வீட்டைக் கடக்குந்தோறும் ஒரு காயை அதில் இடுவார். கடைசிக் காய் வீட்டில் விழுந்தால் மீண்டும் ஆடலாம். பல்லாங்குழியில் பெரும்பாலும் இத்தகைய வீடு இல்லை. குழியொன்றில் நான்கு காய்கள் சேர்ந்தால் அது 'பசு', குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார்.

ஆட்டம் ஒத்திருந்தும் சொல் இரவல் பெறப்படவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. சேர்த்த காயை ஒருவர் வீடு என்றனர். மற்றவர் பசு என்றனர். செல்வம் என்பதை அவரவர் வாழ்விலிருந்தே பெயரிட்டனர் எனலாம்.

இச்சொற்கள் ஏட்டில் வாழ்வன அல்ல. ஆடும்போது வாயில் வாழ்வன. கோலாலம்பூரில் இன்று இளைஞர் நண்பரோடு கூடி மேசை விளையாட்டு ஆடுவதற்கென்றே கடைகள் உள்ளன. அங்கு மலாய், சீன நண்பர்களுடன் அமரும் தமிழ்ப் பிள்ளை 'பசு' என்று சொல்லிக் காயை எடுக்கவேண்டுமாயின், அச்சொல்லைப் பள்ளியில் ஒருமுறையேனும் ஆடிக் கேட்டிருத்தல் வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. மண்ணில் பதினான்கு குழியும் ஒரு கை புளியங்கொட்டையும் போதும்.